குட்டி வர மூணு வாரம் இருக்கு, வீட்டுல என்னென்ன மாத்தணும்?

மார்ச் 8, காலை 10:15 · இரண்டாம்மாடி

வேளச்சேரி, ரெண்டாவது மாடி ஃபிளாட், ரெண்டு பெட்ரூம். நாட்டு நாய்க் குட்டி ஒண்ணு தத்தெடுக்கிறோம், பெண் குட்டி. இப்போ அஞ்சு வாரம், தாய்கூட இருக்கு. 29ஆம் தேதியோட எட்டு வாரம் முடியுது, அன்னைக்குக் கூட்டிட்டு வர்றோம். வீட்டுல நாங்க ரெண்டு பேர், அப்பா, அம்மா. நானும் மனைவியும் வேலைக்குப் போறவங்க. மெத்தை, பெல்ட், செயின், ரெண்டு எவர்சில்வர் கிண்ணம், ஷாம்பு, பவுடர், பால் பாட்டில், பொம்மைகள் வாங்கியாச்சு. கிட்டத்தட்ட ரெடின்னு நினைக்கிறேன். விட்டுப்போனது ஏதாவது இருந்தா சொல்லுங்க.

மார்ச் 8, பகல் 1:40 · அடையாறுக்கரை

வாங்குறதை நிறுத்துங்க. ஷாம்பு, பவுடர், பால் பாட்டில் மூணும் தேவையே இல்லை. எட்டு வாரக் குட்டி தானா நக்கிக் குடிக்கும், பாட்டில்ல கொடுத்தா புரை ஏறும். மெத்தையையும் பரண்ல போடுங்க. பஞ்சைப் பிச்சு முழுங்குற வயசு அது. பழைய பருத்திப் புடவையை நாலா மடிச்சுப் போட்டா போதும், தினம் துவைச்சு வெயில்ல காய வைக்கலாம்.

பாக்கி இருக்கிறது வீட்டு வேலை. ஒவ்வொரு ரூம்லயும் தரையில குப்புறப் படுத்துச் சுத்திப் பாருங்க. ஒன்றரை அடி உயரத்துக்குள்ள இருக்கிறதெல்லாம் குட்டியோட வாய்க்கு எட்டும். நின்னுக்கிட்டுப் பார்த்தா தெரியாதது நிறைய இருக்கும்: பீரோவுக்கு அடியில உருண்டு போன அந்துருண்டை, கட்டில் காலுக்குப் பின்னால எப்பவோ வச்ச எலி கேக், தரையோரப் பிளக்ல சொருகின கொசு லிக்விட், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால கொத்தா தொங்குற ஒயர், பூஜை அலமாரியோட கீழ்த்தட்டுல கற்பூர டப்பா. கொசுவத்திச் சுருளையும் தரையில வைக்கக் கூடாது. ஒயரை எல்லாம் சுவரோட பிவிசி கேசிங்ல அடைச்சுடுங்க. கிச்சன் குப்பைத் தொட்டிக்கு மூடி மட்டும் பத்தாது, சிங்க் அடியில கதவு போட்டு உள்ள வைங்க. செருப்பு ஸ்டாண்டை வாசலுக்கு வெளியே தள்ளுங்க.

எலி கேக் பத்தி ஒரு வார்த்தை. அதைத் தின்ன குட்டி அன்னைக்கே படுக்காது. மூணு, நாலு நாள் நல்லா ஓடி ஆடிட்டு, அப்புறம்தான் ஈறுல, மலத்துல ரத்தம் வரும். அதனால "தின்னுச்சா இல்லையா தெரியலை, நல்லாதான் இருக்கு"ன்னு காத்திருக்கக் கூடாது. அட்டையை எடுத்துக்கிட்டு உடனே டாக்டர்கிட்ட போகணும். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாத்த முடியும். எலி பேஸ்ட் இதைவிட மோசம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்ததுக்கு மாற்று மருந்தே கிடையாது. வீட்டுல இருந்தா இன்னைக்கே அப்புறப்படுத்துங்க.

மார்ச் 8, பகல் 2:05 · அடையாறுக்கரை

பால்கனி கிரில் இடைவெளி எவ்வளவு? அளந்து சொல்லுங்க.

மார்ச் 8, மாலை 6:30 · இரண்டாம்மாடி

நாலரை இஞ்ச்.

மார்ச் 8, இரவு 8:50 · அடையாறுக்கரை

தலை நுழைஞ்சா உடம்பும் நுழைஞ்சிடும். நாலரை இஞ்ச் எட்டு வாரக் குட்டிக்குத் தாராளம். ஹார்டுவேர் கடையில ஒரு இஞ்ச் கட்டம் வச்ச ஜிஐ வெல்டு மெஷ் கேளுங்க, மூணு அடி உயரம். உள்பக்கமா கிரில் மேல வச்சு, அரை அடிக்கு ஒண்ணா கேபிள் டை போட்டு இறுக்குங்க. அடியில மூணு இஞ்ச் தரையோட மடக்கி விடணும், இல்லேன்னா மூக்கை விட்டு நெம்பும். நைலான் கோழி வலை வேண்டாம், ஒரு வாரத்துல ஓட்டை போட்டுடும்.

மார்ச் 9, காலை 7:20 · கொத்தவால்சந்து

மெஷ் சரி, கேபிள் டை சரியில்லை. நம்ம ஊர் வெயில் நேரா விழுற பால்கனியில பிளாஸ்டிக் டை ஒரு கோடை தாண்டாது, நொறுங்கிடும். எப்போ விட்டுதுன்னும் தெரியாது. கம்பி கட்டுறவங்க பயன்படுத்துற கட்டுக்கம்பியை வாங்கி முறுக்குங்க. முறுக்கின நுனியை வெளிப்பக்கமா மடக்கி விடுங்க, உள்பக்கம் நீட்டிக்கிட்டிருந்தா குட்டியோட கண்ணுல குத்தும்.

மார்ச் 9, காலை 9:10 · அடையாறுக்கரை

ஆமா, கட்டுக்கம்பிதான் சரி. டையை மறந்துடுங்க.

தொட்டிச் செடிகளையும் பாருங்க. அரளி இருந்தா (சிவப்பு, மஞ்சள் எதுவானாலும்) வீட்டுலயே இருக்கக் கூடாது. இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தை நிறுத்துற விஷம். சின்ன ஈச்சமரம் மாதிரி அழகுக்கு வைக்கிற சைக்கஸ் கல்லீரலைக் கெடுக்கும், அதோட கொட்டை இன்னும் மோசம். மணி பிளான்ட் உயிரை எடுக்காது, ஆனா வாய் எரிஞ்சு எச்சில் ஊத்தும். அதை உயரத்துல தொங்க விடுங்க. துளசி இருக்கலாம்.

மார்ச் 9, இரவு 9:30 · இரண்டாம்மாடி

மெஷ் சொல்லியாச்சு. செடியில அரளி ஒண்ணு இருந்துச்சு, கீழே அசோசியேஷன் தோட்டத்துக்குக் கொடுத்துட்டோம். இன்னொரு கேள்வி: அம்மா தினம் ரெண்டு வேளை ஃபினாயில் போட்டுத் துடைப்பாங்க. குட்டி வந்தா இன்னும் அதிகமாவே துடைக்கணுமே, எவ்வளவு ஊத்தலாம்?

மார்ச் 9, இரவு 10:15 · அடையாறுக்கரை

அரளி கீழே போயிருக்கு. நாளைக்குக் குட்டியும் அந்தத் தோட்டத்துக்குத்தானே இறங்கும்? எந்த மூலையில நடுறாங்கன்னு பார்த்து வச்சுக்கோங்க, முடிஞ்சா வேலிக்கு வெளியே நடச் சொல்லுங்க.

ஃபினாயில் சொட்டு கூட வேண்டாம். ஈரத் தரையில நடக்கும், பாதத்தை நக்கும், அது அப்படியே வயித்துக்குள்ள போகும். அதுல இன்னொரு குறையும் இருக்கு: நீங்க பயப்பட வேண்டிய கிருமி ஃபினாயிலுக்குச் சாகாது. குட்டிகளை ரத்தப்பேதியில கொல்ற பார்வோ வைரஸ்தான் அது. மண்ணுல, தரை இடுக்குல மாசக் கணக்குல உயிரோட கிடக்கும். தெருவுல நோயாளி நாயோட மலத்தை மிதிச்ச செருப்பு வழியா ரெண்டாவது மாடிக்கே வரும். வீட்டைவிட்டு இறங்காத குட்டிக்கும் பார்வோ வர்றது இப்படித்தான்.

அதுக்குக் கேட்கிறது ப்ளீச். கடையில கிடைக்கிற 5 சதவீத லிக்விட் ப்ளீச்சை 30 பங்கு தண்ணியில ஒரு பங்கு கலக்கணும். ஆறு லிட்டர் தண்ணின்னா 200 மில்லி. முதல்ல சோப்புத் தண்ணியில அழுக்கைக் கழுவணும், ஏன்னா அழுக்கு மேல ப்ளீச் வேலை செய்யாது. அப்புறம் ப்ளீச் தண்ணியை ஊத்தி, தரை பத்து நிமிஷம் ஈரமாவே இருக்கணும். கடைசியா நல்ல தண்ணியில ரெண்டு தரம் அலசணும். குட்டி வர்றதுக்கு முன்னால முழு வீட்டையும் ஒரு தரம், அப்புறம் வாசல், செருப்பு வைக்கிற இடம், பால்கனி மட்டும் வாரம் ஒரு தரம். தினசரிக்கு வெறும் தண்ணி, இல்லேன்னா ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட்.

மார்ச் 10, காலை 8:00 · வேப்பேரிவாசல்

மேலே சொன்ன அளவு லிக்விட் ப்ளீச்சுக்கு மட்டும். நம்ம வீடுகள்ல பெரும்பாலும் ப்ளீச்சிங் பவுடர்தான் இருக்கும். அதுல குளோரின் 30 சதவீதத்துக்கு மேல, அதனால லிட்டருக்கு 5 கிராம் போதும். ஒரு டீஸ்பூன் குவிச்சு எடுத்தா அவ்வளவுதான் வரும். பிளாஸ்டிக் பக்கெட்ல கலக்கி அரை மணி நேரம் தெளிய விட்டு, மேல் தண்ணியை மட்டும் எடுங்க. அடியில நிக்கிற சுண்ணாம்பு தரையில வெள்ளையா படியும், பாதத்தை அரிக்கும். பாக்கெட் பிரிச்சு மாசக் கணக்கா மூலையில கிடந்த பவுடர்ல குளோரின் பறந்து போயிருக்கும், புதுசா வாங்குங்க.

மூத்திரம் கிடக்கிற இடத்துல நேரா ப்ளீச் ஊத்தாதீங்க. அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தா மூச்சடைக்கிற வாயு வரும். அங்க ப்ளீச்சே இல்லாம, துணியால ஒத்தி எடுத்து, வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துடைங்க. வாசனை மிச்சம் இருந்தா அதே இடத்துல மறுபடி போகும்.

மார்ச் 10, பகல் 12:30 · அடையாறுக்கரை

வேப்பேரிவாசல் சொன்ன பவுடர் கணக்கையே வச்சுக்கோங்க.

தடுப்பூசிக்கு வருவோம். எட்டு வாரம், பன்னிரண்டு வாரம், பதினாறு வாரம். உங்க குட்டிக்கு மார்ச் 29, ஏப்ரல் 26, மே 24 ஒட்டி வருது. "ஒரு ஊசி போட்டாச்சு, போதும்"னு நிறைய பேர் நிறுத்திடுறாங்க. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டியோட ரத்தத்துல இருக்கிற வரைக்கும், அது தடுப்பூசியையே முறியடிச்சுடும். ஒவ்வொரு குட்டிக்கும் அது ஒவ்வொரு வாரத்துல வடியும். எந்த வாரம்னு வெளியே தெரியாது. அதனாலதான் நாலு வாரத்துக்கு ஒரு தரம் திருப்பித் திருப்பிப் போடுறது. பதினாறாவது வாரத்துல போடுறதுதான் நிஜமான காவல், அதைத் தவற விடாதீங்க. வெறிநாய்க்கடி ஊசி பன்னிரண்டாவது வாரம், ஒரு வருஷம் கழிச்சு மறுபடி. எலிக்காய்ச்சல் சேர்ந்த ஊசியான்னு கேட்டு வாங்குங்க. அதுக்கு ரெண்டு டோஸ் உண்டு, அப்புறம் வருஷா வருஷம். வேளச்சேரியில மழைத் தண்ணி நிக்கிற தெருவுல இதை விடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகைத் தண்ணியில எலி மூத்திரம் கலந்திருக்கும்.

பூச்சி மருந்து ரெண்டாவது வாரத்துலேர்ந்து எட்டாவது வாரம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம், அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒண்ணு. குட்டி இப்போ இருக்கிற இடத்துல என்னைக்கு, எந்த மருந்து, எத்தனை மில்லி கொடுத்தாங்கன்னு எழுதி வாங்குங்க.

மார்ச் 10, பகல் 12:45 · அடையாறுக்கரை

மறந்துட்டேன், டாக்டரை இப்பவே பார்த்து வைங்க. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பெரிய இடம், 1903லேர்ந்து நடக்கிற கல்லூரி. ஆனா சாயங்கால ட்ராஃபிக்ல வேளச்சேரியிலேர்ந்து அங்க போய்ச் சேர்றதுக்குள்ள நேரம் ஓடிடும். பக்கத்துல ஒரு டாக்டர், ராத்திரி திறந்திருக்கிற ஒரு இடம், ரெண்டு நம்பரையும் அப்பா அம்மா போன்ல ஏத்திடுங்க.

மார்ச் 11, இரவு 9:00 · பெரம்பூர்லோகோ

நாலு மாசம் வரைக்கும் வாசல் தாண்ட விடாதீங்க. ஊசி எல்லாம் முடியட்டும். பார்வோ வந்தா கையில நிக்காது.

மார்ச் 11, இரவு 10:20 · அடையாறுக்கரை

பயம் நியாயம்தான், ஆனா அப்படியே அடைச்சு வச்சா வேற விதத்துல குட்டி கெட்டுப்போகும். மூணாவது வாரத்துலேர்ந்து பதினாலாவது வாரம் வரைக்கும் பார்க்கிறது, கேட்கிறது எல்லாத்தையும் "இது சாதாரணம்"னு மனசுல பதிச்சுக்கிற காலம். அதைத் தாண்டிட்டா புதுசு எதுவும் பயமாத்தான் படும். ஆட்டோவைக் கண்டா நடுங்குற நாய், தலைப்பாகை கட்டினவரைப் பார்த்துக் குரைக்கிற நாய், தண்ணி கேன் போட வர்றவர் மேல பாயிற நாய், இதுல பல நாய்கள் நாலு மாசம் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தவைதான்.

தூக்கிக்கிட்டுப் போங்க. தோள்ல மாட்டுற துணிப்பையில தலை வெளியே தெரியுற மாதிரி உட்கார வச்சு, தினம் பத்து நிமிஷம். ஒரு நாள் ரயில்வே ஸ்டேஷன் வாசல், ஒரு நாள் பூக்கடை, ஒரு நாள் ஸ்கூல் விடுற நேரம். கால் தரையில படாத வரைக்கும் பார்வோ ஆபத்து ரொம்பக் கம்மி. வீட்டுக்குள்ள மிக்ஸி, கிரைண்டர், குக்கர் விசில். முதல் நாள் மிக்ஸியை அடுத்த ரூம்ல ஓட விட்டு, இங்க வாய்ல ஒரு துண்டு கோழி கொடுங்க. நாளுக்கு நாலடி பக்கத்துல கொண்டு வாங்க. காதைப் பின்னால மடக்கிச்சுன்னா, எச்சிலை முழுங்கி உதட்டை நக்கிச்சுன்னா, தள்ளிப் போயிடுங்க, அன்னைக்கு அவ்வளவுதான். பட்டாசு சத்தத்தை போன்ல மெல்ல வச்சுப் பழக்க இதுதான் சமயம். தீபாவளிக்கு முன்னால வாரம் ஆரம்பிச்சா பிரயோஜனம் இல்லை.

மார்ச் 12, காலை 6:40 · அடையாறுக்கரை

நேத்து எழுதினதை யோசிச்சுப் பார்த்தேன். "தரையில படக் கூடாது"ன்னு ஒரேயடியா சொன்னது கொஞ்சம் அதிகம். தடுப்பூசி ஒழுங்கா போட்ட பெரிய நாய் இருக்கிற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அந்த வீட்டுத் தரையில விடலாம், முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆன பிறகு. மற்ற நாயோட பேசப் பழகணுமே. வேற நாய் ஏறாத மொட்டை மாடியையும் ப்ளீச் போட்டுக் கழுவிட்டு விடலாம். கூடவே கூடாதது தெரு ஓரம், பார்க், பீச், டாக்டர் வீட்டு வாசல். கடைசி இடத்தைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க. நோயாளி நாய்கள் எல்லாம் உட்கார்ந்து போற தரை அது. முறை வர்ற வரைக்கும் மடியிலயே வச்சிருங்க.

மார்ச் 13, இரவு 8:15 · கொத்தவால்சந்து

உண்ணியைப் பத்தி யாரும் இன்னும் பேசலையே. நம்ம ஊர்ல அதுதான் முதல் எதிரி.

மார்ச் 13, இரவு 10:40 · அடையாறுக்கரை

ஆமா. விரிவாவே சொல்றேன்.

இங்க இருக்கிறது பழுப்பு நாய் உண்ணி. காட்டுல, புல்லுலதான் இருக்கும்னு நினைக்காதீங்க. அது பொறந்து வளர்ந்து முட்டை போட்டுச் சாகிற வரைக்கும் வீட்டுக்குள்ளயே காலம் தள்ளும். ரத்தம் குடிச்சு கொட்டைப்பாக்கு மாதிரி உப்பின பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் மேல ஏறி, இடுக்குல ஆயிரக்கணக்குல முட்டை போடும். குஞ்சு வந்து ரத்தம் குடிச்சு இறங்கித் தோல் உரிச்சு மறுபடி ஏறும், இப்படி மூணு தரம். அதனால நாய் மேல நீங்க பார்க்கிற உண்ணி கொஞ்சம்தான், மீதிக் கூட்டம் முழுக்க சுவர்ல.

குட்டி வர்றதுக்கு முன்னால செய்ய வேண்டியது: ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற கோடு, கதவு நிலை ஓரம், சுவிட்ச் போர்டு விளிம்பு, ஜன்னல் கிரில் சொருகின இடம், எல்லாத்தையும் வெள்ளை சிமெண்ட் குழைச்சு அடைங்க. காலண்டர், சாமி படம் பின்னால டார்ச் அடிச்சுப் பாருங்க. ஃபிளாட்டுல முன்னால நாய் இருந்துச்சான்னு ஓனரையோ பக்கத்து வீட்டையோ விசாரிங்க. இருந்திருந்தா பெஸ்ட் கன்ட்ரோல் ஆளை இப்பவே கூப்பிடுங்க, குட்டி வந்த பிறகு வேண்டாம்.

குட்டிக்குப் போடுற மருந்து எடையையும் வயசையும் பொறுத்தது. இப்போ பரவலா கொடுக்கிற உண்ணி மாத்திரைகள் எட்டு வாரமும் ரெண்டு கிலோவும் தாண்டின பிறகுதான். அதுக்குக் குறைஞ்ச குட்டின்னா டாக்டர் ஃபிப்ரோனில் ஸ்ப்ரே சொல்வார். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைத் தண்ணியில கலந்து குளிப்பாட்டுறது நடக்குது, குட்டி வலிப்பு வந்து விழும். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில கரைச்சுத் தடவுறதும் வலிப்பைக் கொண்டு வரும். பாட்டி வைத்தியத்துல பாதி நல்லதுதான், இது அந்தப் பாதியில சேராது.

தினம் ராத்திரி அஞ்சு நிமிஷம் தடவிப் பாருங்க: காது மடல் உள்ளே, விரல் இடுக்கு, பெல்ட்டுக்கு அடியில, அக்குள், வால் அடி. கிடைச்சா முனை மெல்லிசான ட்வீசரால தோலோட ஒட்டின இடத்துல பிடிச்சு நேரா இழுங்க. திருகக் கூடாது, ஊதுவத்தியால சுடக் கூடாது, மண்ணெண்ணெய் தொடக் கூடாது. சீண்டினா அது வயித்துல இருக்கிறதைக் குட்டியோட ரத்தத்துலயே கக்கிட்டுத்தான் விழும். எடுத்ததை நசுக்காம ஸ்பிரிட் பாட்டில்ல போடுங்க.

மார்ச் 14, காலை 7:50 · வேப்பேரிவாசல்

உண்ணிக் காய்ச்சல் அறிகுறியைச் சேர்த்துக்கிறேன்: சாப்பாடு குறையும், ஈறு வெளுக்கும், மூக்குல ரத்தம், வயித்துத் தோல்ல சிவப்புப் புள்ளி. உண்ணி பரப்புற கிருமிகள்ல எர்லிக்கியா, பேபீசியா ரெண்டும் இங்க சகஜம். ரத்தப் பரிசோதனையில தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை காட்டிக் கொடுக்கும். குட்டியோட சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். மூக்கு ஈரமா இருந்தா காய்ச்சல் இல்லைன்னு சொல்றதை நம்பாதீங்க. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் தனியா வாங்கி, நுனியில வாஸ்லின் தடவி ஆசனவாயில ஒரு இஞ்ச்சுக்கும் குறைவா வச்சுப் பாருங்க. காய்ச்சல்னா மனுஷங்க சாப்பிடுற பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க. ஐபுபுரூஃபன் அதைவிட விஷம்.

இன்னொண்ணு. குட்டியோட பல் ஊசி மாதிரி இருக்கும், விளையாட்டுல கீறும். தாய் தெருநாய், குட்டிக்கு இன்னும் வெறிநாய் ஊசி போடலை. பல் பட்டு ரத்தம் கசிஞ்சா சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணி ஓட விட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி இலவசம். சின்னக் குட்டிதானேன்னு விடக் கூடாது, முக்கியமா அப்பா அம்மாவுக்குச் சொல்லி வைங்க.

மார்ச் 15, பகல் 11:30 · இரண்டாம்மாடி

அம்மா பால் சோறு போடலாம்னு இருக்காங்க, காரம் இல்லாத ரசம் சாதம் சேர்த்து. அப்பா தினம் ரெண்டு பிஸ்கட்னு சொல்றார்.

மார்ச் 15, பகல் 3:10 · அடையாறுக்கரை

அம்மாகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லுங்க, பாசத்துலதான் சொல்றாங்க. பசும்பால்ல இருக்கிற லாக்டோஸ் செரிக்காம பேதி ஆகும். மூணு கிலோ குட்டிக்கு ரெண்டு நாள் பேதின்னா உடம்புல தண்ணியே மிஞ்சாது. ரசத்துல பூண்டு, சாம்பார்ல வெங்காயம், ரெண்டும் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், வேக வச்சாலும் விஷம் போகாது. சர்க்கரைப் பொங்கல், பாயசத்துல கிடக்கிற திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஃபில்டர்ல மிஞ்சின காபித்தூள் சக்கை, புளிக்கிற இட்லி மாவு, மாங்கொட்டை, பிரியாணி எலும்பு எதுவும் எட்டக் கூடாது.

அளவு: மூணு கிலோ குட்டிக்கு நாளைக்கு 480 கலோரி ஒட்டி வேணும். பப்பி உணவு கிராமுக்கு 3.8 கலோரின்னு வச்சா நாளைக்கு 125 கிராம். நாலா பிரிச்சா வேளைக்கு 30 கிராம் சொச்சம். காலை 7, பகல் 12, மாலை 5, இரவு 9. கிச்சன் தராசுல ஒரு தரம் நிறுத்து, ஒரு டம்ளர்ல கோடு போட்டு வச்சுடுங்க, அப்பா போட்டாலும் அம்மா போட்டாலும் அதே கோடு. வாரம் ஒரு தரம் எடை பார்த்துக் கோட்டை ஏத்துங்க. மூணு மாசத்துலேர்ந்து மூணு வேளை, ஆறு மாசத்துலேர்ந்து ரெண்டு வேளை. பாக்கெட்ல "பப்பி"ன்னு இருக்கணும், புரதம் 22.5 சதவீதத்துக்குக் கீழ வேண்டாம்.

குட்டி இப்போ சாப்பிடுறதையே ஒரு வாரத்துக்கு வாங்கிட்டு வாங்க. முதல் ரெண்டு நாள் அது மட்டும். அப்புறம் கால் பங்கு புதுசு, ரெண்டு நாள் கழிச்சு அரைப் பங்கு, அப்புறம் முக்கால். அப்பாவோட பிஸ்கட்டுக்குப் பதிலா, அந்த 125 கிராம்லேர்ந்தே ஒரு கைப்பிடி அவர் சட்டைப் பையில போட்டு விடுங்க. கொடுக்கிற சந்தோஷம் அவருக்கு, அளவும் மீறாது.

மார்ச் 15, மாலை 4:30 · பெரம்பூர்லோகோ

தயிர்சாதமும் கோழியும் போட்டு எத்தனையோ நாய் வளர்ந்திருக்கே?

மார்ச் 15, மாலை 5:15 · அடையாறுக்கரை

வளர்ந்த நாய் சமாளிச்சிடும், வளர்ற குட்டிக்கு எலும்பு தாங்காது. 100 கிராம் கோழிக்கறியில பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம், கால்சியம் 15 கூட இல்லை. ரத்தத்துல அதைச் சரிக்கட்ட உடம்பு சொந்த எலும்புலேர்ந்து கால்சியத்தை எடுக்கும். முன்னங்கால் வில்லா வளையறது அதனால. வீட்டுச் சாப்பாடுதான்னா டாக்டர்கிட்ட கால்சியம் அளவு கேட்டே ஆகணும். பாக்கெட் உணவு போடுறவங்க கால்சியம் டானிக் சேர்க்கக் கூடாது, அதிகமானாலும் எலும்பு கோணும். ஒரு ஸ்பூன் தயிர் கொடுக்கலாம், பாலை விட லாக்டோஸ் குறைவு.

மார்ச் 18, இரவு 9:45 · அடையாறுக்கரை

ஒண்ணுக்கு, ரெண்டுக்கு. ஃபிளாட்ல இதுதான் முதல் மாசத்து வேலை.

எட்டு வாரத்துல அதுக்குக் காலடியில என்ன தட்டுப்படுதோ அதுதான் கக்கூஸ்னு பதியும். துணி மிதியடி மேல ரெண்டு தரம் போயிடுச்சுன்னா வீட்டுல இருக்கிற மிதியடி எல்லாமே கக்கூஸ்தான். அதனால முதல் நாளே துணி மிதியடிகளைச் சுருட்டி எடுத்துடுங்க. பால்கனி மூலையில மூணு அடிக்கு ரெண்டு அடி பிளாஸ்டிக் ட்ரே, அதுல நர்சரியில விக்கிற புல்தரைத் துண்டு. பின்னால கீழ மண்ணுல போகப் பழக்குறதுக்கும் இதுதான் சுலபம். புல் மஞ்சளானா மாத்திடுங்க.

தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டுப் பத்து பதினைஞ்சு நிமிஷத்துல, விளையாடி முடிச்சதும், இது தவிர முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் ட்ரேக்குத் தூக்கிட்டுப் போங்க. மூக்கைத் தரையில ஒட்டி வட்டம் அடிச்சா நேரமாச்சுன்னு அர்த்தம். போய் முடிச்ச ரெண்டு விநாடிக்குள்ள, அங்கேயே ஒரு துண்டு தீனி. ஹாலுக்குத் திரும்பி வந்து கொடுத்தா, ஹாலுக்கு வந்ததுக்குக் கொடுத்ததா நினைச்சுக்கும். தப்பான இடத்துல போனா மூக்கைத் தேய்க்கிறது, அடிக்கிறது வேண்டாம். அதுல அது கத்துக்கிறது ஒண்ணுதான்: மனுஷங்க கண்ணுல படாம சோபா பின்னால போகணும்.

மார்ச் 18, இரவு 10:00 · அடையாறுக்கரை

நாலு பேரும் உட்கார்ந்து வார்த்தையை முடிவு பண்ணிக்கோங்க. நீங்க "சிட்", அம்மா "உட்காரு", அப்பா "கீழ"ன்னா அது எதையும் கத்துக்காது. தமிழோ இங்கிலீஷோ, ஒரு வேலைக்கு ஒரே சொல். ஃபிரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டுங்க.

மார்ச் 21, காலை 8:30 · இரண்டாம்மாடி

டைல்ஸ் ரொம்ப வழுக்குது, விட்ரிஃபைடு. ஏதாவது போடணுமா? அசோசியேஷன்ல ஒருத்தர் நாய்க்கு அனுமதி இல்லை, லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னும் சொல்றார்.

மார்ச் 21, பகல் 1:20 · அடையாறுக்கரை

டைல்ஸைக் கட்டாயம் கவனிக்கணும். வழுக்குற தரையில பின்னங்கால் ரெண்டும் விரிஞ்சு விரிஞ்சு ஓடினா இடுப்பு மூட்டு சரியா அமையாது. குட்டி ஓடுற பாதையில மட்டும் யோகா மேட், ரப்பர் ஷீட் வரிசையா போடுங்க. கோரைப்பாய் வேண்டாம், கோரையை உருவித் தின்னும். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அடியிலயும் ஒரு துண்டு.

அசோசியேஷன்: நாய் வளர்க்கத் தடை போட சங்கத்துக்கு அதிகாரம் இல்லை, பொதுக்குழுவுல தீர்மானம் போட்டாலும் செல்லாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. லிஃப்டும் அதுல அடக்கம். பிரின்ட் எடுத்து வச்சுக்கோங்க, ஆனா முதல் பேச்சுலயே நீட்டாதீங்க. ஊசி அட்டையைக் காட்டி, சுத்தம் பண்றது எங்க பொறுப்புன்னு சொல்லி, அப்படியே நடந்தும் காட்டினா பாதிப் பேர் அடங்கிடுவாங்க. பயப்படுறவங்க லிஃப்ட்ல இருந்தா அடுத்த லிஃப்டுக்கு நில்லுங்க.

மாநகராட்சி உரிமம் கட்டாயம், இல்லேன்னா 5,000 ரூபாய் அபராதம். மாநகராட்சி இணையதளத்துலயே விண்ணப்பிக்கலாம். வெறிநாய் ஊசிச் சான்று வேணும், அதனால உங்களுக்கு ஏப்ரல் கடைசியிலதான் முடியும். மைக்ரோசிப்பையும் அப்போ சேர்த்துப் போட்டுடுங்க.

மார்ச் 24, மாலை 5:40 · கொத்தவால்சந்து

குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகிறதே கத்திரியிலதான். மே 4லேர்ந்து 28. கீழே இறக்குறதைக் கத்திரி முடிஞ்சு வச்சுக்கோங்க. புறங்கையைத் தார் ரோட்டுல ஏழு விநாடி வைக்க முடியலைன்னா அதோட பாதமும் தாங்காது. நம்ம ஊர்ல சூட்டோட புழுக்கமும் சேர்ந்துக்கும். ஈரக் காத்துல நம்ம வியர்வை காயாத மாதிரியே, நாக்கைத் தொங்கவிட்டு இரைச்சாலும் அதோட உடம்பு ஆறாது. காலை ஆறரைக்குள்ள, ராத்திரி எட்டுக்கு மேல. வாய் அகலமான மண் சட்டியில தண்ணி, ரெண்டு இடத்துல. ஏசி ரூம்ல கூண்டோட விட்டுப் பூட்டிட்டு வெளியே போகாதீங்க, கரண்ட் போனா அந்த ரூம் அடுப்பு.

மார்ச் 28, இரவு 8:30 · அடையாறுக்கரை

நாளைக்குப் போறப்போ: கிளம்புறதுக்கு மூணு மணி நேரம் முன்னால சாப்பாடு நிறுத்தச் சொல்லுங்க, இல்லேன்னா வண்டியில கக்கும். ஒரு பருத்தித் துண்டை எடுத்துட்டுப் போய், தாயோட வயித்துல, மத்த குட்டிகள் மேல நல்லா தேய்ச்சு ஒரு கவர்ல போட்டுக் கட்டுங்க. வீட்டுக்கு வந்ததும் நேரா பால்கனி ட்ரே. சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாரும் மூணு நாள் கழிச்சு வரட்டும்.

மார்ச் 30, காலை 5:50 · இரண்டாம்மாடி

வந்துட்டா. ராத்திரி முழுக்க ஹால்ல தனியா அழுகை. "தூக்கினா பழகிடும்"னு யாரோ சொன்னதால அம்மா தூக்காம உட்கார்ந்தே இருந்தாங்க, தூங்கலை.

மார்ச் 30, காலை 6:15 · அடையாறுக்கரை

பழகாது, தூக்கலாம். எட்டு வாரமா உடம்போட உடம்பு ஒட்டித் தூங்கினது, நேத்துதான் முதல் தரமா தனியா படுத்திருக்கு. ஹால்ல விடாதீங்க. குட்டி படுக்கிற கம்பிக் கூண்டை உங்க கட்டிலுக்குப் பக்கத்துல, கை தொங்க விட்டா எட்டுற தூரத்துல வைங்க. தாய் வாசனைத் துண்டை அதுக்குள்ள போடுங்க, துவைக்க வேண்டாம். அழுதா பேசாம கம்பி இடுக்குல விரலை விடுங்க, மோந்து பார்த்துட்டுப் படுக்கும். மூணு, நாலு நாளைக்கு ஒரு தரம் கூண்டை ஒரு அடி தள்ளிக்கிட்டே போகலாம்.

ராத்திரி 11, ரெண்டரை, அஞ்சரைக்கு அலாரம் வச்சு ட்ரேக்குத் தூக்கிட்டுப் போங்க. ட்யூப் லைட் போட்டா விளையாட்டு நேரம்னு நினைச்சுக்கும், ஜீரோ வாட் பல்ப் போதும். பேச்சு வேண்டாம். போய் முடிச்சதும் ஒரு துண்டு தீனி, திரும்பக் கூண்டு. இன்னைக்குப் பகல்ல அம்மா தூங்கட்டும், அந்த நேரம் அப்பா மடியில இருக்கட்டும். ஈறு வெளிர் ரோஜா நிறத்துல இருக்கா, எத்தனை கிலோ, மலம் கெட்டியா இருக்கா, மூணையும் பார்த்துச் சொல்லுங்க.